தெளிந்த சுண்ணாம்புத் தண்ணீர்

ஆறு அடி நீளம், இரண்டு அடி அகலம், இரண்டு அடி உயரம். கடைக்காரர்கள் இதை 180 கலன் தொட்டி என்பார்கள், லீற்றரில் 680. எண்ணாகக் கேட்டால் ஒன்றும் தோன்றாது. ஆனால் கடல் தண்ணீர் நல்ல தண்ணீரை விடப் பாரம். தண்ணீர் மட்டுமே 700 கிலோவுக்குக் கிட்ட வரும். தடித்த கண்ணாடி, இரும்புத் தாங்கி, உள்ளே அடுக்கும் கல், மணல் என்று கூட்டிக்கொண்டு போனால் ஒரு தொன். ஸ்காபரோவில் எங்கள் வீடு மரச் சட்டங்களின் மேல் பலகை பரப்பிய வீடு. வரவேற்பறையில் சோபாவைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் இதை வைக்கப்போகிறேன் என்றபோது மனைவி மீனைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "நிலம் தாங்குமோ?" என்று மட்டும் கேட்டாள்.

வீடு திருத்தும் வேலை செய்கிற அண்ணை ஒருவரைக் கூப்பிட்டேன். அவர் பேஸ்மென்ட்டில் ஏணி வைத்து ஏறி, தலைக்கு மேல் ஓடுகிற சட்டங்களைச் சுத்தியலால் தட்டிப் பார்த்தார். தொட்டி சட்டங்களுக்குக் குறுக்காக, வெளிச்சுவரோடு சேர்ந்து இருக்கவேண்டும். அப்போதுதான் பாரம் பல சட்டங்களுக்குப் பிரிந்து அத்திவாரத்துக்கு இறங்கும் என்றார். அதன் பிறகும் மனம் கேளாமல் கீழே ஓர் உத்திரம் கொடுத்து, திருகி உயர்த்துகிற இரும்புத் தூண்களால் அதற்கு முட்டுக் கொடுத்தார். "மீன் தொட்டிக்கோ இவ்வளவும்?" என்று வேலை முடியும்வரை கேட்டுக்கொண்டே இருந்தார். சுவாமியறைக்கு என்றிருந்தால் கேட்டிருக்கமாட்டார்.

மேலே பார்ப்பவர்களுக்குத் தொட்டி. வேலை முழுவதும் கீழே. தொட்டியின் மூலையில் வழிகிற தண்ணீர் நிலத்தைத் துளைத்த குழாயால் பேஸ்மென்ட்டுக்கு இறங்கி இன்னொரு தொட்டியில் விழும். சூடாக்கி, பம்பு, வடிகட்டி எல்லாம் அங்கேதான். அவற்றுள் எனக்குப் பிடித்தது புரோட்டீன் ஸ்கிம்மர். ஒரு நீண்ட உருளைக்குள் மிக நுண்ணிய குமிழிகளைத் தண்ணீரோடு கலந்து விடுகிறது. மீனின் கழிவும் மிச்சச் சாப்பாடும் குமிழியில் ஒட்டிக்கொண்டு நுரையாக மேலேறிக் கிண்ணத்தில் விழும். காற்றடிக்கிற நாளில் அலை கரையில் ஒதுக்கிவிட்டுப் போகும் மஞ்சள் நுரையும் இதே சங்கதிதான். கிண்ணத்தில் சேர்வது கடும் தேத்தண்ணி நிறம். அதன் மணத்தைப் பற்றி எழுதாமல் விடுகிறேன். கிண்ணத்தைக் கழுவிய கையோடு சாப்பாட்டு மேசைப் பக்கம் வரக்கூடாது என்பது வீட்டுச் சட்டம்.

மின்சாரம் நின்றால் என்ன நடக்கும் என்பதை முதலிலேயே யோசித்துத்தான் குழாய் போடவேண்டும். பம்பு நின்ற உடனே மேல் தொட்டியின் வாயளவுத் தண்ணீர் தன் பாட்டில் கீழே இறங்கும். அதை வாங்க கீழ்த்தொட்டியில் இடம் இருக்கவேண்டும். திரும்பி வருகிற குழாயில் நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே ஒரு சிறு துளை போட்டு வைத்தால், மட்டம் அதுவரை இறங்கியதும் காற்றுப் புகுந்து ஓட்டம் அறுந்துவிடும். இல்லாவிட்டால் தொட்டி பாதி பேஸ்மென்ட்டில் கிடக்கும். இந்தத் துளையில் சிப்பியோ பாசியோ அடைக்காமல் பார்ப்பது எனக்கு இன்றும் வாராந்த வேலை.

அடுத்தது தண்ணீர். ரொறன்ரோவின் குழாய்த் தண்ணீர் ஒன்ராறியோ ஏரியிலிருந்து வருவது. குடிக்க நல்லது. ஆனால் கிருமி சேராமல் இருக்க அதில் கலக்கிற குளோரமின் மீனின் செவுளுக்கும் பவளத்துக்கும் நஞ்சு. அதனால் கரி வடிகட்டி, பிறகு ரிவர்ஸ் ஒஸ்மோசிஸ் சவ்வு, பிறகு பிசின் மணிகள் என்று எல்லாவற்றையும் கடந்து, கரைந்த பொருள் எதுவும் இல்லாத தண்ணீராக வரவேண்டும். அப்படி ஒரு வாளி எடுக்க மூன்று நான்கு வாளி கழிவாகச் சாக்கடைக்குப் போகும். அம்மாவால் இதைப் பொறுக்க முடியவில்லை. நாங்கள் நெடுந்தீவு ஆட்கள். நாலு பக்கமும் கடல், கிணற்றில் சவர். குடிதண்ணீருக்குக் குடத்தோடு காத்து நின்றவர் அவர். அடுத்த நாளே கழிவுக் குழாயின் முனையில் வாளி வைத்தார். உடுப்புத் தோய்க்க, நிலம் துடைக்க, கோடையில் கறிவேப்பிலைச் சாடிக்கு ஊற்ற என்று அந்தத் தண்ணீர் எங்கள் வீட்டில் அதன் பிறகு வீணாகவில்லை.

இப்படி எல்லாவற்றையும் வடித்தெடுத்த தண்ணீரில் திரும்பவும் உப்பைக் கலக்கவேண்டும். லீற்றருக்கு 35 கிராம். முதல் நிரப்பலுக்கு மட்டும் 25 கிலோ வரையில் வாளி வாளியாக வந்து இறங்கியது. கறியுப்பு அல்ல, மக்னீசியம், கல்சியம், பொட்டாசியம் எல்லாம் கடலில் இருக்கும் அளவுக்குச் சேர்த்த கலவை. "கடலுக்கை பிறந்தனீ. இப்ப காசு குடுத்து உப்பு வாங்கி, பேஸ்மென்ட்டிலை கடல் காய்ச்சிறியோ?" என்றார் அம்மா.

தண்ணீரும் கல்லும் மட்டும் இருக்கிற தொட்டிக்கு முன்னால் ஒரு மாதத்துக்கு மேல் பேசாமல் இருக்கவேண்டும். இந்தப் பொழுதுபோக்கில் ஆட்கள் அவசரப்படுவது இங்கேதான். ஓர் இறால் துண்டை உள்ளே போட்டு அழுக விட்டேன். அழுகலிலிருந்து அமோனியா வரும். ஒரு வகை பக்டீரியா அதை நைத்திரைற்றாகவும், இன்னொரு வகை அதை நைத்திரேற்றாகவும் மாற்றும். முதல் இரண்டும் நஞ்சு, மூன்றாவது அவ்வளவு தீங்கில்லை. இந்த பக்டீரியாக்கள் கல்லின் நுண்துளைகளில் பெருகி நிலைக்கும்வரை மீன் விட முடியாது. வந்தவர்கள் எல்லோரும் வெறும் தொட்டியைப் பார்த்துவிட்டு, "எல்லாம் செத்துப்போச்சோ?" என்று துக்கம் விசாரித்தார்கள். பிறகு மணலெல்லாம் மண்ணிறம் படர்ந்தது. அது போக, கல்லில் பச்சை மயிர்ப்பாசி. பார்க்கச் சகிக்காது. கடையில் இதற்கென்று விதவிதமான போத்தல்கள் விற்கிறார்கள். நான் ஒன்றையும் நம்புவதில்லை. நத்தைகளை விட்டுவிட்டுப் பொறுத்திருந்தால் அது தானாக அடங்கும்.

இதெல்லாம் வெள்ளைக்காரர்களின் கண்டுபிடிப்பு என்றுதான் நானும் நினைத்திருந்தேன். ஆனால் உயிருள்ள கல்லையும் பவளத்தையும் தொட்டிக்குள் வாழவைத்துக் காட்டிய முன்னோடி ஜகார்த்தாவில் இருந்த லீ சின் எங் என்பவர். 1961இல் ஓர் அமெரிக்க மீன் வளர்ப்புச் சஞ்சிகையில் அவர் தன் முறையை எழுதினார். கடலிலிருந்து எடுத்த தண்ணீர், கடலிலிருந்து எடுத்த கல், சூரிய வெளிச்சம், மெதுவாக விடுகிற காற்றுக் குமிழி. அவ்வளவுதான். அவருக்குக் கடல் பக்கத்தில் இருந்தது. பிறகு ஜேர்மனிக்காரர்கள் அதே கல்லோடு ஸ்கிம்மரையும் கடும் வெளிச்சத்தையும் சேர்த்து, கடல் இல்லாத ஊருக்கு ஏற்றபடி செய்தார்கள். அதைப் பெர்லின் முறை என்பார்கள். ஸ்காபரோவில் எங்கள் பேஸ்மென்ட்டில் ஓடுவதும் அதுதான்.

இந்தப் பொழுதுபோக்கில் பீற்றர் வில்கென்ஸ் என்பவர் சொல்லிக்கொடுத்த ஒரு வேலைதான் எங்கள் வீட்டில் அம்மாவைத் தொட்டிப் பக்கம் இழுத்தது.

பவளம் தன் கல்லைத் தானே கட்டுகிறது. கடல் தண்ணீரில் லீற்றருக்கு 400 மில்லிகிராமுக்குச் சற்று மேல் கல்சியம் உண்டு. அதையும் கரைந்திருக்கிற காபனேற்றையும் எடுத்து, தன் உடலுக்கு அடியில் கல்சியம் காபனேற்றாகப் படிய வைக்கிறது. கடலுக்கு இது ஒரு பொருட்டல்ல. 680 லீற்றருக்குள் பவளம் வளரத் தொடங்கினால் கல்சியம் நாளுக்கு நாள் குறையும். எடுத்ததைத் திருப்பிக் கொடுக்கவேண்டும். வில்கென்ஸின் வழி சுண்ணாம்புத் தண்ணீர். வேறொன்றும் இல்லை, நீற்றிய சுண்ணாம்பைத் தண்ணீரில் கலக்கி, அடையவிட்டு, மேலே தெளிந்ததை மட்டும் சொட்டுச் சொட்டாகத் தொட்டியில் விடுவது. குளிர்காலத்தில் வீட்டுக்குள் காற்று காய்ந்து கிடக்கும். தொட்டியிலிருந்து தினமும் ஒரு வாளியளவு தண்ணீர் ஆவியாகிப் போகும். உப்பு போகாது, தண்ணீர் மட்டும்தான் போகும். அந்த இழப்பை நல்ல தண்ணீரால் நிரப்புவதற்குப் பதில் சுண்ணாம்புத் தண்ணீரால் நிரப்பினால் இரண்டு காரியமும் நடக்கும்.

நான் வாங்கி வந்தது இங்கே வீட்டில் ஊறுகாய் போடுபவர்களுக்கு விற்கிற சுண்ணாம்புத் தூள். வெள்ளரிக்காய் மொறுமொறுப்பாக இருக்க அதில் ஊறவைப்பார்கள். அம்மா பையை வாங்கி வாசித்துவிட்டு, தமிழ்க் கடையில் வெற்றிலைக்கு விற்கிற சுண்ணாம்பு மலிவு என்றார். அதில் வேறு என்னென்ன கலந்திருக்குமோ என்று நான் மறுத்தேன். மற்றபடி எனக்கு அவர் ஒன்றும் விடாமல் சொல்லித்தந்தார். தூளைக் கொட்டும்போது மூச்சை அடக்கு. சட்டியை மூடி வை, திறந்து கிடந்தால் மேலே ஏடு கட்டும். அடியில் இருப்பதைக் கலக்காதே, தெளிவை மட்டும் இறு. இங்கே தொட்டிக்காரர்கள் கையுறை, முகக்கவசம், காற்றில் உள்ள காபனீரொட்சைட்டோடு சேர்ந்தால் வீணாகிவிடும் என்ற எச்சரிக்கை எல்லாம் சேர்த்துப் பக்கக் கணக்கில் எழுதி வைத்திருப்பதும் இதைத்தான்.

பழைய பையில் இருக்கிற தூளுக்கு இன்னும் வீரியம் இருக்கிறதா என்பதைப் பார்க்கவும் அவரிடம் வழி இருந்தது. ஒரு சிட்டிகை மஞ்சளைத் தண்ணீரில் கரைத்து, அதில் கொஞ்சம் சுண்ணாம்புத் தெளிவை விட்டார். இரத்தச் சிவப்பு. "ஆலாத்தி கரைக்கத் தெரியாமல் நீ என்னடா படிச்சனீ?" நல்ல சுண்ணாம்புத் தண்ணீரின் பி.எச். 12க்கு மேல். மஞ்சள் சிவப்பாவது காரத்தால். காற்றுப் பட்டுக் காபனேற்றாகிப் போன தூள் என்றால் மஞ்சள் மஞ்சளாகவே நிற்கும். என்னிடம் இருந்த இலத்திரன் மீற்றருக்கு மாதா மாதம் அளவுத் திரவத்தில் தோய்த்துச் சரிபார்க்கவேண்டும். மஞ்சளுக்கு அந்தத் தொல்லை இல்லை.

நெடுந்தீவின் அடியே பழைய முருகைப் பாறைதான். எங்கள் ஊரில் வேலி என்றால் கிடுகும் கதியாலும் அல்ல. முருகைக்கல்லைச் சாந்து இல்லாமல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய மதில். யாழ்ப்பாணக் கோட்டைச் சுவரிலும் அதே கல் இருக்கிறது. சின்ன வயதில் அந்தக் கல்லின் நட்சத்திரக் குழிகளிலும் வளைந்தோடும் வரிகளிலும் விரல் விட்டு விளையாடாத பிள்ளை தீவில் இராது. அது ஒரு காலத்தில் உயிரோடு இருந்தது என்று ஒருவரும் எங்களுக்குச் சொல்லவில்லை. அந்தக் கல்லையும் சிப்பியையும் சூளையில் சுட்டுத்தான் எங்கள் பக்கத்துச் சுண்ணாம்பு வந்தது. வீட்டுக்கு வெள்ளையடித்ததும் அதால்தான், ஆச்சி வெற்றிலைக்குத் தடவியதும் அதைத்தான். கல்லைச் சுட்டால் காபனீரொட்சைட்டு பறந்து சுட்ட சுண்ணாம்பு மிஞ்சும். தண்ணீர் தெளித்தால் நீறும். அதைக் கரைத்துத் தொட்டியில் சொட்டினால் தண்ணீரிலுள்ள காபனீரொட்சைட்டோடு திரும்பவும் சேர்ந்து, பவளத்தின் அடியில் போய்க் கல்லாகிறது. சூளைக்காரர் செய்ததை நான் மறுபக்கமாகச் செய்துகொண்டிருந்தேன்.

இந்தப் பொழுதுபோக்கை விட்டுவிட்ட ஒருவரிடமிருந்து ஒரு மூளைப் பவளம் கிடைத்தது. காட்டுப் பவளம் வாங்குவதில்லை என்று எனக்கொரு பிடிவாதம் உண்டு; இது பல வருடம் தொட்டியிலேயே வளர்ந்தது. பகலில் அது பச்சை வரி ஓடிய வெறும் கல். அதன் சதைக்குள் இருக்கிற நுண்பாசி வெளிச்சத்தில் சர்க்கரை செய்து கொடுக்க, அது சும்மா இருந்து சாப்பிடும். இரவு விளக்கு அணைந்து கொஞ்ச நேரத்தில் வரிகளுக்கு இடையிலிருந்து கண்ணாடி இழை போன்ற கைகள் நீளும். ஒரு நாள் இரவு அம்மாவைக் கூட்டிவந்து சிவப்புத் தாள் சுற்றிய ரோச்சை அடித்துக் காட்டினேன். நான் பொடியாக்கிய இறாலை விட, அந்தக் கைகள் பிடித்து உள்ளே இழுத்தன. அம்மா கண்ணாடியில் நெற்றி முட்டப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"உது எங்கட வேலிக்கல்லெல்லே?"

ஓம் என்றேன். இந்த வகைப் பவளம் வருடத்துக்கு ஒரு சென்ரிமீற்றர் வளர்ந்தாலே அதிகம். கையை அகட்டித் தூக்குகிற அளவுக் கல் ஒன்று உருவாக எத்தனை வருடம் என்று கேட்டார். ஐம்பது வைக்கலாம் என்றேன். எங்கள் வளவைச் சுற்றி எத்தனை கல் இருந்திருக்கும் என்று கணக்குப் பார்க்கத் தொடங்கி, தெற்கு வேலிக்கு மேல் போகாமல் விட்டுவிட்டார். அதன் பிறகு சுண்ணாம்புத் தண்ணீர் கரைக்கும் வேலையை என்னிடம் விடவில்லை.

குளிர்காலத்தில் அதற்கு இன்னொரு தேவையும் இருந்தது. கனடாவில் நவம்பர் வந்தால் யன்னல் திறப்பதில்லை. ஆட்கள் விடும் மூச்சு வீட்டுக்குள்ளேயே கிடக்கும்; அந்தக் காபனீரொட்சைட்டு தொட்டித் தண்ணீரில் கரைந்து பி.எச்.ஐ இறக்கும், சுண்ணாம்புத் தண்ணீர் அதைத் திரும்ப ஏற்றும். மகளின் பிறந்தநாளுக்கு வீடு நிறைய ஆட்கள் வந்த இரவு 8.2இல் நின்றது 7.8க்கு வந்தது. கேக் வெட்டுகிற நேரத்தில் நான் போய் யன்னலைத் திறந்தேன். வெளியே பனி. மனைவி அன்று பார்த்த பார்வையைத் தனியாக எழுதவேண்டும்.

மீன்களைப் பற்றி அதிகம் இல்லை. வருகிற பிள்ளைகள் எல்லோரும் நீமோ எங்கே என்று கேட்பார்கள். 2003இல் வந்த நீமோ படத்துக்குப் பிறகு கோமாளி மீன் இல்லாத தொட்டி தொட்டியே அல்ல. அது தொட்டியில் முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கிற மீன், கடலில் பிடிக்கவேண்டியதில்லை. மஞ்சள் ராங் மீனை அப்போதெல்லாம் ஹவாயியிலிருந்து பிடித்து வருவார்கள். 2015இல்தான் ஹவாயி ஆய்வாளர்கள் அதைத் தொட்டியில் குஞ்சிலிருந்து வளர்த்துக் காட்டினார்கள். நான் வாங்கிய மீன்களில் கடலில் பிடித்த ஒன்று நீலராங். வெளிர் நீல உடல், கறுத்த முகம், மஞ்சள் முதுகுச் செட்டை. இந்து சமுத்திர மீன். கடையில் பெட்டியின் மேல் சிறீ லங்கா என்று எழுதியிருந்தது. பொலித்தீன் பையில் ஒட்சிசன் அடைத்து விமானத்தில் வந்து இறங்கியது. "விசா இல்லாமல் வந்திட்டார்," என்றார் அம்மா. கறிக்குப் போட்டால் முள்ளுத்தான் என்றும் சொன்னார்.

2013 டிசம்பர் 21ஆம் திகதி இரவு மழை பெய்தது. நிலத்துக்கு அருகே குளிர் உறைநிலைக்குக் கீழே. விழுந்த மழை விழுந்த இடத்திலேயே ஐஸ் ஆனது. ஞாயிறு விடியும் முன் மேப்பிள் கொப்புகள் பாரம் தாங்காமல் வெடிக்கிற சத்தம் துப்பாக்கிச் சத்தம்போலக் கேட்டது. ஊரில் கேட்டுப் பழகியவர்கள் எல்லோரும் எழும்பி உட்கார்ந்துவிட்டோம். அதோடு மின்சாரம் போனது. ரொறன்ரோவில் மட்டும் மூன்று இலட்சம் வாடிக்கையாளர்கள் இருட்டில்.

துளை தன் வேலையைச் செய்தது. பேஸ்மென்ட்டில் ஒரு சொட்டும் சிந்தவில்லை. ஆனால் அசையாத தண்ணீரில் ஆபத்து குளிரை விட மூச்சுமுட்டுவதுதான். மீனும் பவளமும் கல்லுக்குள் இருக்கும் கோடானுகோடி பக்டீரியாவும் ஒரே ஒட்சிசனைப் பங்குபோடும். மேற்பரப்பு கலங்கினால்தான் காற்று உள்ளே போகும். தூண்டில்காரர்கள் உயிர் இரையை வைத்திருக்கப் பாவிக்கிற பற்றரிப் பம்புகள் இரண்டு என்னிடம் இருந்தன. ஆறு அடித் தொட்டிக்கு அவை போதாது. அதனால் முறை வைத்தோம். கோப்பையால் தண்ணீரை அள்ளி ஒரு முழ உயரத்திலிருந்து ஊற்றுவது. தேத்தண்ணி ஆத்துகிற மாதிரி என்றதும் அம்மாவுக்கு மேலதிக விளக்கம் தேவைப்படவில்லை. மகள், மனைவி, அம்மா, நான். பக்கத்து வீட்டில் தங்கியிருந்த மாமாவும் வந்து, இப்படி ஓர் அலுவல் தன் வாழ்நாளில் செய்ததில்லை என்று சொல்லிக்கொண்டே ஊற்றினார்.

வீடு குளிரத் தொடங்கியது. எங்கள் அடுப்பு எரிவாயு அடுப்பு; நெருப்புக்குச்சியால் பற்றவைக்கலாம். பானையில் தண்ணீர் சூடாக்கி, கொக்கோ கோலாப் போத்தல்களில் நிரப்பி, இறுக மூடித் தொட்டியில் மிதக்கவிட்டோம். தொட்டியைச் சுற்றிக் கம்பளிகள். குசினி யன்னலை ஒரு விரலளவு திறந்து வைத்தோம். கரியடுப்பை வீட்டுக்குள் மூட்டவேண்டாம், காபன் மொனொக்சைட்டு கொல்லும் என்று பற்றரி றேடியோவில் ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 26 பாகையில் இருந்த தண்ணீர் 20க்கு இறங்கி, அங்கேயே நின்றது. போத்தல்களை மாற்றி மாற்றி அதற்குக் கீழே போகவிடவில்லை. போர்வையெல்லாம் மீனுக்கா என்று கேட்ட மாமா, போர்வை இல்லாமல்தான் படுத்தார்.

நத்தாருக்கு முதல் நாள் மின்சாரம் வந்தது. பம்புகள் ஒவ்வொன்றாக உறுமிக்கொண்டு எழும்பின. நீலராங் பிழைக்கவில்லை. நுனி நுனியாக வளர்ந்திருந்த அக்ரொபோறாப் பவளக் கொப்புகள் சில தோலுரிந்து வெள்ளெலும்பாக நின்றன. மூளைப் பவளம் சுருங்கிக் கிடந்துவிட்டு, புதுவருடத்துக்குள் பழையபடி இரவில் கை நீட்டியது.

பழைய தொட்டிக்காரர்கள் ஒரு கொப்பை ஒருபோதும் ஒரே இடத்தில் வைத்திருக்கமாட்டார்கள். எலும்பு வெட்டும் கத்தரியால் ஒரு விரல் நீளம் வெட்டி, சுப்பர் குளூவால் ஒரு சின்ன வில்லையில் ஒட்டி, தெரிந்தவர்களுக்கெல்லாம் கொடுத்துவிடுவார்கள். வெட்டிய துண்டு தனிப் பவளமாக வளரும். என்னிடமிருந்த பச்சை அக்ரொபோறா அப்படி ஒரு சீனப் பொடியன் தந்தது. பல்கலைக்கழகத்தில் படிக்கிறவன், மார்க்கம் நகரில் தாய் தகப்பனோடு இருந்தான். அவர்கள் வீதிக்கு எங்களை விடப் பிந்தித்தான் மின்சாரம் வந்தது. எல்லாம் போய்விட்டது. தொட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டேன் என்று தொலைபேசியில் சொன்னான். திரும்ப நிமிர்த்து என்றேன்.

வசந்தத்தில் வந்தான். அவன் தந்த கொப்பிலிருந்தே அவனுக்கு ஆறு துண்டு வெட்டினேன், மற்றவற்றிலும் கொஞ்சம். தண்ணீருக்குள்ளிருந்து எடுக்கும்போது கொப்பு விடுகிற வழுவழுப்பான சளியைப் பார்த்து அம்மா முகம் சுளித்தார். தொட்டி இன்னும் புதிது, கல்சியம் எப்படிக் கொடுக்கப்போகிறாய் என்று கேட்டேன். விலைகூடிய பம்பு ஒன்று பார்த்து வைத்திருந்தான். அம்மா அலுமாரியைத் திறந்து, மல்லிக்கும் மிளகாய்க்கும் நடுவிலிருந்து ஒரு பொட்டலம் மஞ்சளை எடுத்து அவன் கையில் வைத்தார். எதற்கு என்று அவன் என்னைப் பார்த்தான். சொன்னேன். பல்கலைக்கழகத்தில் இரசாயனம் படிக்கிறவன், சட்டென்று விளங்கிக்கொண்டு சிரித்தான்.

அடுத்த கிழமை படம் அனுப்பியிருந்தான். ஒரு கண்ணாடிக் கோப்பையில் நல்ல சிவப்பு. கீழே எழுதியிருந்தது: சுண்ணாம்பு சரி, ஆனால் குசினி மேசையில் மஞ்சள் கறை, தாய் கத்துகிறார், எப்படிப் போக்குவது என்று உங்கள் அம்மாவிடம் கேட்டுச் சொல்லுங்கள்.

கேட்டேன். வெயில் பட்டால் போகும், மேசையை வெளியே தூக்கி வைக்கச் சொல் என்றார் அம்மா.